பிரதிவாதி இந்த ஊரில் இல்லை

வக்கீல் சுதாகரனுக்குக் கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் 'இல்லை வக்கீல்' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் அவர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை, அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் ராயக்கோட்டை சாலையில் மாடி வீடு கட்டினார், மகளை டாக்டருக்குப் படிக்க வைத்தார். வெளிமாநில கம்பெனி மீது உள்ளூர்க்காரர் யாராவது வழக்குப் போட்டால் கம்பெனி முதலில் தேடுவது அவரைத்தான். வழக்கின் உள்ளே அவர் போகவே மாட்டார். வாசலில் நின்றுகொண்டே, "பிரதிவாதி இந்த ஊரில் இல்லை, இவர்களை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை" என்பார். வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

முன்பெல்லாம் கம்பெனி என்றால் அதற்கு ஒரு உடம்பு இருந்தது. பெயர்ப்பலகை, கிளை அலுவலகம், சுழல் நாற்காலியில் ஒரு மேனேஜர், சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கை. இப்போது கம்பெனி ஏதோ ஒரு மலை மாநிலத்தில் பதிவாகியிருக்கும். பொருள் மட்டும் நம் வீட்டு வாசலில் வந்து இறங்கும். பாதிப்பு நடந்த ஊரிலேயே வழக்குப் போடலாம் என்ற பழைய வழியை ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகள் அடைத்துவிட்டன. நாடெங்கும் கூச்சல் எழுந்தபின் புதிதாக ஒரு சட்டம் வந்தது. கம்பெனியின் முடிவு எந்த ஊரில் யோசிக்கப்பட்டதோ, அந்த ஊர் கோர்ட் அதை விசாரிக்கலாம் என்றது. வக்கீல்கள் அதற்கு 'மனவிடச் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள். ஏழைகளுக்காக என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம்தான். கம்பெனியின் மனம் எங்கே இருக்கிறது என்று எந்த ஏழை நிரூபிக்கப் போகிறான்? சுதாகரனுக்கு வேலை இன்னும் சுலபமாயிற்று.

அன்று காலை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் பட்டாணியை ஒட்டிக்கொண்டு தன் வழக்குக்காகக் காத்திருந்தார். பட்டாணி என்பது அந்தச் சின்னக் கருவிக்கு ஊர் வைத்த பெயர். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். வராந்தா முழுக்க வக்கீல்கள், குமாஸ்தாக்கள், கட்சிக்காரர்கள் என்று பாதிப் பேர் காதில் அது இருந்தது. ஒட்டியதும் கண் பாதி சொருகும், நேரம் போவது தெரியாது. பெயர் கூப்பிட்டால் மட்டும் சட்டென்று விழித்துக்கொள்ளலாம்.

எதிர்த் தரப்பு வக்கீல் தில்ஷாத் வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். பழையபேட்டைப் பெண். தொழிலுக்கு வந்து சில வருஷம்தான். சுதாகரன் பட்டாணியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"இன்னும் வெக்கலையாம்மா நீ இதை? பார் ரூம்ல குளுகுளுன்னு ஏ.சி.யில மட்டும் உக்காந்துக்குற. அது பட்டாணிக் கம்பெனி போட்டுக் கொடுத்த ஏ.சி. தெரியுமில்ல?"

"தெரியும் சார். என் தலை வாடகைக்கு இல்ல."

"சும்மா கெடக்குற தலைதானேம்மா? மெஷினுக்கு எல்லாம் தெரியுது, ஒரு மூஞ்சியப் பாத்தா சிரிக்குதா அழுவுதான்னு மட்டும் சட்டுனு புடிபடல. அதை நம்மகிட்ட கேட்டுக்குறான். கேக்கறதும் நமக்குத் தெரியாது, சொல்றதும் தெரியாது."

"யாரு கேக்குறாங்கன்னாவது தெரியுமா சார்?"

"பொம்மை விக்கிறவன், விளம்பரம் எடுக்கிறவன்... யாரா இருந்தா நமக்கென்ன?"

பக்கத்தில் கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு நின்ற குமாஸ்தா கோவிந்தப்பன் சிரித்தார். "ஆனா மிச்சம்தான் சார் தொல்லை. போன வாரம் கழட்டுனதும் வாயெல்லாம் பலாப்பழ ருசி. வூட்டுக்காரி நம்பவே மாட்டேன்னுட்டா."

மிச்சம் எல்லோருக்கும் உண்டு. யாருடையதோ ஒரு வாசனை, ஒரு நிறம், பாதிப் பாட்டு. கழற்றியதும் கொஞ்ச நேரம் தலைக்குள் சுற்றிவிட்டுப் போய்விடும். பார் ரூமில் அதைச் சொல்லிச் சிரிப்பது ஒரு பொழுதுபோக்கு. தில்ஷாத் மட்டும் சிரிக்கவில்லை.

வழக்கைக் கூப்பிட்டார்கள். டவாலி வராந்தாவுக்கு வந்து, குறுக்கே போட்ட சிவப்புப் பட்டை குலுங்க, "மாதேஸ்வரீ... மாதேஸ்வரீ... மாதேஸ்வரி!" என்று மூன்று முறை கத்தினார். பிறகு பிரதிவாதியின் பெயர், "துணையிரு நிறுவனம்!" அதற்கும் மூன்று முறை உண்டு, ஆனால் சுதாகரன் முதல் கூப்பாட்டிலேயே கையைத் தூக்கி, "இல்லை, இல்லை, அவங்களுக்காக நான் வர்றேன்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு உள்ளே போனார். டவாலிக்கும் தொண்டை மிச்சம்.

நீதிபதி கோமளவல்லி கண்டிப்பானவர், ஆனால் பொறுமைசாலி. வாதி தரப்புச் சாட்சியைக் கூண்டில் ஏறச் சொன்னார்.

மாதேஸ்வரிக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவர் முனிராஜ் கிரானைட் பட்டறையில் வேலை பார்த்தவர். பாலீஷ் போட்ட பலகைக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. கல்தூசி நெஞ்சில் படிந்து மூச்சு விடுவதே கஷ்டமாயிற்று. துணையிரு நிறுவனம் மூச்சு மெஷினை வீட்டுக்கே அனுப்பியது. அதில் பார்க்கவும் கேட்கவும் ஒரு கேமரா இருந்தது. ஆளுக்கு முடியவில்லை என்று தெரிந்தால் மெஷின் தானே காற்றைக் கூட்டும், ஆம்புலன்சைக் கூப்பிடும் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. ஒரு மத்தியானம் அது கூட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. முனிராஜ் இறந்துபோனார். 'நோயாளி இயல்பாக இருந்ததாகவே தெரிந்தது' என்பது கம்பெனியின் பதில். ஏன் அப்படித் தெரிந்தது என்று யாராவது கேட்க வேண்டும் என்பதுதான் மாதேஸ்வரியின் வழக்கு. இங்கே கேட்க முடியாவிட்டால் மலை மாநிலத்துக்குப் போக வேண்டும். பட்டறையில் சோறாக்கிப் போடுகிற பெண் அங்கே போவது நடக்கிற காரியமா?

"அன்னிக்கு என்ன நடந்துச்சும்மா?" என்று தில்ஷாத் கேட்டாள்.

"ஆடிப் பதினெட்டுக்கு மறுநாளுங்க. தண்ணி வண்டி வந்துச்சுன்னு கொடத்தை எடுத்துகினு தெருமுனைக்குப் போனேன். கூட்டம். நான் வர்றதுக்குள்ள..."

"அவரால பேச முடியுமா?"

"பேச்சு போயி ரொம்ப நாளாச்சுங்க. எதுனா வேணும்னா தட்டுவாரு. கையில செப்புக் காப்பு போட்டிருந்தாரு, அதால கட்டில் பைப்புல தட்டுவாரு. கல்லுத் தட்டுற மாதிரியே. வெளிய எவ்ளோ சத்தம் இருந்தாலும் எனக்குக் கேட்டுடும். அன்னிக்கும் தட்டியிருப்பாரு. தண்ணி வண்டி மோட்டார் ஓடிகினு இருந்துச்சு."

"எப்படித் தட்டுவாருன்னு கோர்ட்டுக்குக் காட்ட முடியுமா?"

மாதேஸ்வரி தயங்கினாள். பிறகு கை வளையலால் கூண்டின் மரச்சட்டத்தில் தட்டினாள். மெதுவாக இரண்டு, கொஞ்சம் பொறுத்து, வேகமாக ஒன்று. மறுபடி அதே மாதிரி.

சுதாகரன் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தத் தட்டலை அவருக்குத் தெரியும். ஆடிப்பெருக்கு விடுமுறை முடிந்து கோர்ட் திறந்த நாள். வராந்தா பெஞ்சில் பட்டாணியைக் கழற்றியதும் அவர் கோவிந்தப்பனைக் கேட்ட முதல் கேள்வி, "யாருய்யா அது, லொட்டு லொட்டுன்னு தட்டிக்கிட்டே இருக்கறது?" என்பதுதான். யாரும் தட்டவில்லை. கோவிந்தப்பன்கூட, "மிச்சம் சார், மிச்சம்" என்று சிரித்தார். தட்டலோடு இன்னொன்றும் வந்தது. ஒரு யானை. ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாக நிற்கிற யானை. அதைப் பார் ரூமில் சொல்லி அவரே எல்லோரையும் சிரிக்கவும் வைத்தார்.

"குறுக்கு விசாரணை உண்டா?" என்றார் நீதிபதி.

ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கலாம். 'நோ க்ராஸ்' என்று சொல்லிவிட்டால் வழக்கு அவர் பக்கம்தான். சுதாகரன் எழுந்தார். தற்செயலாக இருக்கும், தற்செயலாகத்தான் இருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. அதை உறுதி செய்துகொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தார்.

"உங்க வீட்டு ஜன்னலுக்குக் கதவு இருக்காம்மா?"

"இல்லைங்க. வெயில் மூஞ்சில அடிக்குதேன்னு அரிசிப் பையைக் கட்டி வெச்சிருந்தேன்."

"அந்தப் பையில..." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "யானைப் படமா? தலைகீழா?"

மாதேஸ்வரி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஆமாங்க. மாத்திக் கட்டிட்டேன். அதைப் பாத்து அவரு சிரிப்பாரு, அதான் அப்படியே வுட்டுட்டேன். நீங்க எங்க வூட்டுக்கு வந்திருக்கீங்களா சார்?"

தில்ஷாத் எழுந்து நின்றிருந்தாள். கேமராப் படத்தை மனிதர் யாரும் பார்க்கவில்லை, எங்கள் மெஷின் மட்டுமே எங்கள் மாநிலத்தில் வைத்துப் பார்த்தது என்று கம்பெனி சத்தியப் பிரமாணம் செய்திருந்தது. அதை எழுதிக் கொடுத்தவரே சுதாகரன்தான். அப்படியென்றால் அவருக்கு அந்த யானை எப்படித் தெரியும்? அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"யுவர் ஆனர், உணவு இடைவேளைக்குப் பிறகு தொடர அனுமதி வேணும்."

பார் ரூமின் குளுகுளுப்பில் உட்கார அவரால் முடியவில்லை. வெளியே புளியமரத்தடியில் நின்று கம்பெனிக்குப் போன் போட்டார். துணையிருவின் குரல் எடுத்தது. அது மனிதக் குரலா இல்லையா என்று இத்தனை வருஷமும் அவர் கேட்டுக்கொண்டதில்லை. பணம் சரியாக வந்துகொண்டிருந்தது.

"வணக்கம் சார். காலையில் நன்றாகப் போயிற்று என்று நினைக்கிறோம்."

"முனிராஜ் படத்தைப் பாத்தது யாரு?"

"எங்கள் அமைப்பு சார்."

"அமைப்புக்குக் கண்ணு யாரோடது?"

"முகத்தைப் பார்த்துச் சொல்லும் வேலையை வெளியே வாங்குகிறோம் சார். ஊர் பார்த்து வாங்குவதில்லை. அந்த நேரத்தில் ஓய்வாக இருக்கும் தலைகள் எங்கே அதிகமோ அங்கே வாங்குவோம். கோர்ட் வளாகங்கள் நல்ல இடம். காத்திருப்பவர்கள் நிறைய."

"இதை என்கிட்ட மறைச்சுட்டு சத்தியப் பிரமாணம் எழுத வெச்சீங்களா?"

"நீங்கள் கேட்கவில்லையே சார்."

உண்மைதான். அவர் எந்தக் கம்பெனியிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

"நான் என்ன சொன்னேன்? அன்னிக்கு, அந்த ஆளைப் பத்தி?"

"தனித்தனியாக நாங்கள் வைத்துக்கொள்வதில்லை சார். பல பேர் சொன்னதைச் சேர்த்துத்தான் முடிவு. பெரும்பாலோர் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். உங்கள் பங்கு ரொம்பச் சின்னது. மனசைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு அன்பாகவே சொன்னது: "நாம் பேசியது வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு மரத்தடியிலேயே நின்றார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தட்டலோடு வந்த எரிச்சல் நன்றாக நினைவிருந்தது. யாருக்கோ என்னவோ, நம்மைக் கூப்பிடவில்லை, சும்மா கிட என்கிற எரிச்சல். அது இந்த வராந்தாவின் பழக்கம். காலை முதல் சாயங்காலம் வரை இங்கே கூப்பாடுதான். தன் பெயர் வராத வரை எந்தச் சத்தமும் தனக்கில்லை என்று பழகாதவன் இங்கே ஒரு நாள் உட்கார முடியாது. அப்படிப் பழகிய தலைகளாகப் பார்த்துத்தான், 'முனிராஜ் தட்டுகிறாரே, என்ன?' என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்று வராந்தாவே சொல்லியிருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார், பார்த்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

கோவிந்தப்பன் தயங்கித் தயங்கி வந்தார். "சார், அந்தம்மா தட்டுச்சே... அன்னிக்கு நீங்க கேட்டீங்களே, அதுதானே?"

"அதுதான்."

"எனக்கும் அன்னிக்குக் கேட்டுச்சு சார். நீங்க கேட்டப்ப கிண்டல் பண்ணிட்டேன். எதுக்கு வம்புன்னு எனக்கு வந்ததைச் சொல்லல." அவர் தன் காதுக்குப் பின்னால் இருந்த பட்டாணியைப் பிய்த்தெடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

இடைவேளை முடிந்து கோர்ட் கூடியதும் சுதாகரன் எழுந்தார். "யுவர் ஆனர், பிரதிவாதிக்கான என் வக்காலத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன். அதுக்கப்புறம் என்னைச் சாட்சியா விசாரிக்கணும்னு கேட்டுக்கறேன்."

பின்வரிசையில் சலசலப்பு. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "காரணம்?"

"கட்சிக்காரர் என்கிட்ட சொன்ன எதையும் நான் சொல்லப் போறதில்லை. என் தலைக்குள்ள இருக்கறதை மட்டும் சொல்றேன். அது அவங்க ரகசியம் இல்லை. வாடகைக்கு விட்டாலும் தலை என்னுதுதான்."

கூண்டில் ஏறினார். இத்தனை வருஷத்தில் அவர் ஏறாத இடம் அது. மாதேஸ்வரி தட்டிய சட்டம் கைக்கு வழவழவென்று இருந்தது. தில்ஷாத் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னார். பட்டாணி, மிச்சம், யானை, தட்டல். எரிச்சல் மட்டும் பாக்கி. மாதேஸ்வரி பெஞ்சின் முனையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொந்தரவா இருந்துச்சு," என்றார். "அந்தத் தட்டல் எனக்குத் தொந்தரவா இருந்துச்சு. ஒண்ணுமில்லைன்னு நெனச்சேன். கம்பெனி அன்னிக்கு இந்த ஊர்லதான் யோசிச்சுது யுவர் ஆனர். இந்த வராந்தாவுல. என் தலையில."

பின்வரிசையில் வக்கீல்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீதிபதி கோமளவல்லி எழுதுவதை நிறுத்தி ரொம்ப நேரம் ஆகியிருந்தது. கூண்டில் நின்ற சுதாகரனை விட்டுவிட்டு அவர் மாதேஸ்வரியைக் கேட்டார்.

"ஏம்மா, கட்டிலுக்குக் கீழ ஒரு சிவப்பு டப்பா இருந்துச்சா? மூடி உடைஞ்சது?"

மாதேஸ்வரி எழுந்து நின்றாள். "மாத்திரை டப்பாங்கம்மா. எட்டி எடுக்கப் பாத்து கீழ தள்ளிட்டிருந்தாரு. நான் வந்துதான் எடுத்து வெச்சேன்." பிறகு, "அதை நான் யாருகிட்டயும் சொல்லலீங்களே," என்றாள்.

நீதிபதியின் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. அங்கே ஒன்றும் இல்லை. சேம்பரில் மத்தியான வேளைகளில் மட்டும்தான் அவர் அதை ஒட்டிக்கொள்வார். கையைக் கீழே இறக்கி மேசை மேல் வைத்துக்கொண்டார். வெற்றிடத்தைத் தொட்டதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகம் கறுத்துப் போயிருந்தது.

"பிரதிவாதி இந்த ஊரில் இருந்திருக்கிறார்," என்று அவர் மெதுவாகச் சொல்ல, சுருக்கெழுத்தர் எழுதினார். "இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. வேறு நீதிபதி வேண்டுமென்று மேலே எழுதுகிறேன். யாராவது இருக்கிறார்களா என்று அவர்கள் பார்க்கட்டும்." தில்ஷாத் நன்றி சொல்ல எழுந்தாள். என்ன நன்றி சொல்வது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

"இப்போ பிரதிவாதிக்கு வக்கீல் இல்லை," என்றார் நீதிபதி. "முறைப்படி கூப்பிடுங்க."

டவாலி வராந்தாவுக்குப் போனார். "துணையிரு நிறுவனம்!"

திறந்த கதவு வழியே வராந்தா தெரிந்தது. பெஞ்சு நெடுக உட்கார்ந்திருந்தவர்கள் பாதிக் கண் மூடியபடி அசையாமல் இருந்தார்கள். அது அவர்கள் பெயர் இல்லை.

"துணையிரு நிறுவனம்!"

இத்தனை வருஷமும் இந்த இரண்டாவது கூப்பாட்டுக்குச் சுதாகரன் வழி விட்டதில்லை. கூண்டிலிருந்து இறங்கினார். வக்கீல்கள் உட்காரும் இடத்துக்குப் போகாமல், பிரதிவாதிகள் நிற்கிற சுவரோரம் போய் நின்றார். போட்டிருந்த கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"துணையிரு நிறுவனம்!"

"ஆஜர்," என்றார் சுதாகரன்.

சொன்னதும் அவருக்குப் பின்னால், கதவோரத்தில் நின்ற கோவிந்தப்பன் கட்டுகளைக் கீழே வைத்துவிட்டு வந்து அதே சுவரோரம் நின்றார். நீதிபதி நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாதேஸ்வரிக்கு அதிகாரம், மனவிடம் எல்லாம் புரிந்ததோ என்னவோ. ஆனால் இந்த ஆள் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பது புரிந்துவிட்டது. அவள் வீடு கோர்ட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளித்தான். அவள் கதவு வழியே அந்த வராந்தா பெஞ்சைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். கோபமாகக் கேட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"இவ்ளோ கிட்டத்துலயா சார் இருந்தீங்க?"

அவருக்குத் தெரிந்த ஒரே பதில் 'இல்லை' என்பதுதான். அதை இன்று சொல்ல முடியாது. கோட்டை இறுகப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.